முத்துமீனாவின் மூளிக்காது

அன்புத் தம்பிக்கு,

முத்துமீனாவின் காதுகுத்துக்கு நாள் குறித்துவிட்டோம்! தை பத்தாம் தேதி, நம் குலசாமி கோவிலில். தேர்தல் முடிவு வந்ததிலிருந்து நீ போனையே எடுப்பதில்லை. அதனால்தான் கடிதம்.

இரண்டு வருடத்துக்கு முன் நீ அமெரிக்காவில், நம் ஊர்க் கணக்குக்கு, எம்.பி. ஆனபோது ஆரப்பாளையம் முழுக்க போஸ்டரில் உன் முகம்தான். கோட்டு போட்ட உனக்கு நம் ஆட்கள் முறுக்கு மீசை வேறு வைத்துவிட்டார்கள்! அப்போதே காது குத்தியிருக்க வேண்டியது. "சபை நடக்குதுக்கா, வர முடியாது" என்றாய். வேறு மாமன் மடியில் உட்கார வைக்கலாம் என்றார்கள். நான் சம்மதிக்கவில்லை. நாலு வயதாகியும் என் மகள் மூளிக்காதோடுதான் பள்ளிக்கூடம் போகிறாள்.

நேற்று உன் மச்சானோடு சிம்மக்கல்லுக்கு பிளெக்ஸ் அடிக்கப் போனேன். கடைக்காரர் உன் படத்தைப் பார்த்துத் தயங்கினார்.

"தம்பி பேருக்குக் கீழ என்னம்மா போட? எம்.பி.யா, முன்னாள் எம்.பி.யா?"

உன் மச்சான் தரையைப் பார்த்தார்.

"தாய்மாமன்னு போடுங்கண்ணே. எம்புட்டுப் பெருசா வருமோ அம்புட்டுப் பெருசா!" என்றேன்.

இருபதடி வந்திருக்கிறதடா! மீசையும் உண்டு.

கிடா, சீர்த்தட்டு எதைப் பற்றியும் நீ யோசிக்க வேண்டாம். முத்துமீனா தினமும் தலையணையைச் சுருட்டிப் போட்டு, "இது மாமா மடி" என்று சொல்லி, காதைப் பொத்திக்கொண்டு உட்கார்ந்து பழகுகிறாள்.

இப்போது உன் மடி சும்மாதானே இருக்கிறது? கிளம்பி வா.

உன் அக்கா