கரைஞ்ச பாரம்

வெள்ளிக்கிழமை. மழை இன்னும் விடல்ல.

வெறும் லொறிக்கு நனைஞ்ச ரோட்டில பின் டயர் பிடிக்காது. அதனால எப்பவும் பின்னால மண் மூட்டை போட்டுத்தான் திரும்பி வருவன். மண்ணுக்குப் பெர்மிட் எங்க எண்டு பொலிஸ் கேக்கும் எண்டு பயந்து, இந்த மழை தொடங்கக்குள்ள எங்கட உப்பளத்து முதலாளி ஹாஜியார் அதையெல்லாம் இறக்க வெச்சார். "நம்மட கழிவு உப்ப மூட்டையாக் கட்டிப் போடு" எண்டார். போட்டன். முதலாளி சொன்னா போடத்தானே வேணும்.

இண்டைக்குச் சிலாபத்தில லோட் இறக்கிட்டு வாறன். முந்தல் வளைவில பிரேக்கைத் தொட்டதுதான், லொறிட பின்பக்கம் அப்படியே சுத்திட்டுது. பஸ் ஹோல்ட்டில ஒரு பொம்புள கைக்குழந்தையோட நிண்டா. அவட குடையில உரசிக்கிட்டு லொறி நிண்டிச்சு. அல்லாஹ் காப்பாத்தினான். இறங்கி அவட முகத்தப் பாக்க எனக்கு ஏலல்ல.

பின்னால ஏறி, மூட்டையள மூடியிருந்த படங்கைத் தூக்கினன். கிழிசலால மழை இறங்கி, உப்பெல்லாம் கரைஞ்சு ஓடி, ஈரச் சாக்குத்தான் கிடந்திச்சு. இத்தன நாளும் பாரம் இருக்கெண்டு நம்பி ஓட்டியிருக்கன்.

உப்பளத்துக்கு வந்து நடந்ததச் சொன்னன். ஹாஜியார் ஒரு சாக்கைத் தூக்கிப் பாத்தார். அந்தப் பொம்புளயப் பத்தி ஒரு வார்த்த கேக்கல்ல.

"உப்ப ஆருக்கு வித்த?" எண்டார்.

நாயும் மோந்து பாக்காத உப்பு. ரோட்டை நக்கிப் பாருங்க எண்டு வாய் வரைக்கும் வந்திச்சு. 

நாளைக்கும் சிலாபம். நாளைக்கும் உப்பு மூட்டைதானாம். இந்த முற அவரே நிண்டு எண்ணி ஏத்துறாராம்.