மாலை போடாத பெலிசித்தா

1959 மார்ச் 5, வியாழன்

காலையில் புல் மேல் வெள்ளைப் பனி. குழாயில் தண்ணீர் நூலாக வருகிறது. தலைவலி இல்லை, ஆச்சரியம்.

செய்ய வேண்டியவை: ஏழாம் வகுப்புச் சரித்திரத் தாள்கள். மண்ணெண்ணெய். நாடகத்தின் சிறைக் கதவுக்குத் தேயிலைப் பெட்டிப் பலகை. பெலிசித்தாவுக்கு வெள்ளைச் சேலை (என்னுடையதையே கொடுக்கலாம்).

பள்ளி விட்டதும் ஞானம் டீச்சரும் நானும் வட்டகொடை பஸ்ஸில், தேயிலைத் தோட்டத்துக் கோயிலுக்கு. கடைசி ஒத்திகை. தவக்காலம், மேளம் கூடாது, கூத்து கூடாது என்று பங்குச் சுவாமி சொல்லியிருந்தார். பழைய வேதசாட்சிகளின் கதை என்றதும் சம்மதித்தார். துரைக்கு மாலை மட்டும் தவக்காலத்திலும் உண்டு. இந்தத் தோட்டத்தில் எந்த நாடகமானாலும் திரை தூக்குமுன் வேஷக்காரர்கள் இறங்கி வந்து துரைக்கும் துரைசாணிக்கும் மாலை போட வேண்டும்.

பெர்பெத்துவாவாக ஞானம். நாற்பத்து நான்கு வயதில், கைக்குழந்தையை விட்டுச் சாகப் போன இருபத்திரண்டு வயதுக் கார்த்தேஜ் சீமாட்டி! கூடவே சாகும் அடிமைப் பெண் பெலிசித்தாவாகச் சவரியம்மா. கொழுந்து எடுப்பவள், விதவை, இரண்டு பெண் பிள்ளைகள். வாசிக்கத் தெரியாது. வசனம் முழுவதும் கேட்டே பாடம்.

ஒத்திகை முடிவில் ஞானத்துக்கு ஆவேசம்.

"சவரியம்மா, நல்லாக் கேட்டுக்க. வேஷம் கட்டின பெறகு மாலையத் தொடாத. ரோமாபுரி ராயனுக்கே தூபம் போடமாட்டேன்னு சாகப் போறவ நீ. துரைக்கு மாலை போட்டுட்டு மேடை ஏறினா யாரு நம்புவா?"

"அப்ப யாருங்க போடுறது?"

"யாராச்சும் போடட்டும். நீ போடாத."

"சரிங்க சின்ன டீச்சர்."

நான் பக்கத்தில் பலகைக்கு ஆணி அடித்துக்கொண்டிருந்தேன். நல்ல யோசனை என்றே பட்டது.

மார்ச் 6, வெள்ளி

பெர்பெத்துவா, பெலிசித்தா இருவரின் திருநாள். காலைப் பூசை. கோயிலில் ஏழெட்டுப் பேர், இருமல் அதிகம்.

பெர்பெத்துவாவின் தரிசனங்கள், வானத்து ஏணி, கீழே பாம்பு, இவற்றை நான் நம்பியதில்லை. சிறையில் அவளே எழுதியதாகச் சொல்லப்படும் மற்றப் பகுதியை நம்புகிறேன். இருட்டு. புழுக்கம். குழந்தைக்குப் பால் கொடுக்க முடியாத தவிப்பு. மனம் மாறச் சொல்லிக் காலில் விழும் அப்பா. பக்திக்காக யாரும் இதைக் கட்டிச் சொல்லமாட்டார்கள். அவள் நம்பியதில் எனக்குச் சந்தேகம் உண்டு. அவளில் இல்லை.

கொழும்பில் லத்தீன் படித்த நாளில் தெரிந்துகொண்ட கதை. ஞானம் இந்தப் பள்ளிக்கு வந்த முதல் மழைக்காலத்தில் அவளுக்குச் சொன்னேன். அழுதாள். யாரிடமும் ஒட்டாத நான் அவளோடு ஒரே வீட்டில் குடியிருக்கச் சம்மதித்தது அதற்குப் பிறகுதான்.

மண்ணெண்ணெய் மறந்துவிட்டது.

மார்ச் 7, சனி

முடிந்தது. கால் வலி.

முற்றம் கொள்ளாத கூட்டம், இந்துச் சனங்களும் நிறைய. கணக்கப்பிள்ளை மாலைத் தட்டைச் சவரியம்மாவிடம் நீட்டினார். அவள் கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டாள்.

"போடு புள்ள."

"வேஷத்தோட போடக் கூடாதுங்க."

"என்னாது?"

"போடமாட்டேங்க."

துரை மாலைக்காகக் கழுத்தைக் குனித்தபடியே நின்றார். பின்னாலிருந்து ஒரு குரல்: "என்னத்தடா தேடுறாரு? சல்லி கில்லி விழுந்திருச்சா?" பெருஞ்சிரிப்பு. கடைசியில் கணக்கப்பிள்ளையே போட்டார், அவசரத்தில் துரையின் கண்ணாடி மாலையோடு சிக்கி வந்தது.

திரைக்குப் பின்னால் ஞானம் என் கையை நசுக்கினாள். "பாத்தீங்களா அக்கா! இவதான் பெலிசித்தா!"

ஞானம் மேடைக்கு வந்ததும் கூட்டத்தில் ஒருவன்: "பெர்பெத்துவாவுக்கு நரைச்சிருச்சு டோய்." வேதசாட்சிகளைக் கொல்ல அவிழ்த்துவிடும் காட்டுப் பசுவாகச் சாக்குக்குள் இரண்டு ஆண்கள், ஒரு கொம்பு நடுவில் கழன்றது. ஆனால் பசு முட்டித் தள்ளிய பிறகு, பெர்பெத்துவா எழுந்து கை கொடுத்துப் பெலிசித்தாவைத் தூக்கி நிறுத்தும் இடம். ஒரு சத்தமில்லை. எனக்கும் கண் கலங்கியது.

மார்ச் 9, திங்கள்

வகுப்பில் அந்தத் தோட்டத்துக் கிளாக்கர் மகள்: "டீச்சர், பெலிசித்தாவ வேலைய விட்டு நிறுத்திட்டாங்க."

இன்று காலைப் பெரட்டில் எல்லோருக்கும் வேலை பிரித்துக் கொடுத்தபோது இவள் பெயரை மட்டும் கூப்பிடவில்லையாம். வேலை போனால் குடியிருக்கும் லயத்துக் காம்பராவும் போகும். பிள்ளைகளோடு எங்கே போவாள்? சின்ன டீச்சர் சொல்லித்தான் செய்தேன் என்றிருக்கிறாள். நாளை ஆபீசில் விசாரணை, ஞானம் வர வேண்டும் என்று ஆள் வந்து சொல்லிப் போனான்.

"நான் ஒரு வார்த்தை சொன்னாப் போதும், முடிஞ்சிரும்" என்றாள் ஞா. நிம்மதி.

மார்ச் 10, செவ்வாய்

எனக்குப் பரீட்சை மேற்பார்வை. ஞா. தனியாகப் போய் நாலு மணிக்குத் திரும்பினாள்.

"என்ன ஆச்சு?"

"பேசிட்டேன் அக்கா."

கோயில் கூரைக்குப் புதுத் தகரம் தருவதாகத் துரை சொன்னாராம். சவரியம்மாவைப் பற்றிக் கேட்டேன். "சரியாயிரும்." சாப்பிடாமல் படுத்துவிட்டாள். களைப்பு என்று நினைத்தேன்.

மார்ச் 11, புதன்

மாலையில் வாசலில் சவரியம்மா, இடுப்பில் சின்னவள். உள்ளே வரவில்லை. ஞா. கன்னியர் மடத்துக்குப் போயிருந்தாள்.

"பெரிய டீச்சர், அவங்க அப்பிடிச் சொல்லவே இல்லேன்னுட்டாங்க."

"யார்?"

"சின்ன டீச்சர்தாங்க. துரைகிட்ட இங்கிலீசுல சொன்னாங்க, கிளாக்கர் ஐயா எனக்குத் தமிழ்ல சொன்னாரு. நான் பொய் சொல்றேனாம். நான்தான் தப்பா வெளங்கிக்கிட்டேனா டீச்சர்?"

"இல்லை. அவள் சொன்னதை நானும் காதால் கேட்டேன்" என்றேன்.

குழந்தை என் மூக்குக் கண்ணாடியைப் பிடித்து இழுத்தது. பிஸ்கட் கொடுத்தேன். வேறு என்ன செய்வதென்று தெரியவில்லை.

ஞா. வந்ததும் கேட்டேன்.

"சொல்லியிருப்பேன் அக்கா. நாடகத்துக்காக ஆயிரம் சொல்றோம்."

"துரையிடம் ஏன் சொல்லவில்லை?"

"சொன்னா அப்புறம் நம்மளத் தோட்டத்துக்குள்ள கால் வைக்க விடுவாங்களா? தகரம் வருமா? சுவாமிக்கு யாரு பதில் சொல்றது? அவளுக்கு நான் வேற வழி பண்றேன்."

"நாளைக்குப் பள்ளி விட்டதும் நான் போய்ச் சொல்லப் போகிறேன்."

ஞா. தலை வாரிக்கொண்டிருந்தாள், நெடுநேரம்.

மார்ச் 12, வியாழன்

ஞா. காலையில் லீவு சொல்லியனுப்பிவிட்டு எனக்கு முன்னே கிளம்பினாள். எங்கே என்று சொல்லவில்லை.

மூன்று மணிக்குத் தோட்டத்து ஆபீஸ். கிளாக்கர் நாற்காலி போட்டார்.

"எல்லாம் முடிஞ்சிருச்சே டீச்சர். காலையிலயே சின்ன டீச்சர் அந்தப் பொம்பளையக் கூட்டிக்கிட்டு வந்தாங்க. மாலையும் அவங்களே தலவாக்கலையில வாங்கியாந்தாங்க. அவ அதத் துரைக்குப் போட்டு, கால்ல விழுந்து, 'புத்தி கெட்டுப் பொய் சொல்லிட்டேன்'னா. துரை மனசு எளகிட்டாரு. நாளையிலேருந்து வேலை."

"நான் துரையைப் பார்க்க வேண்டும்."

"எதுக்குங்க? இப்பக் கெளறினா அவளுக்குத்தானே மறுபடி வம்பு."

அவர் சொல்வது சரி. நான் உண்மையைச் சொன்னால் இன்று காலை அவள் கேட்ட மன்னிப்பு பொய்யாகிவிடும், காம்பரா மறுபடி கேள்வியாகும். என் வாயை ஞா. நன்றாகக் கட்டியிருக்கிறாள். எழுந்து வந்துவிட்டேன்.

லயத்தருகே சவரியம்மா விறகு அடுக்கிக்கொண்டிருந்தாள். முகம் தெளிவாக இருந்தது.

"சின்ன டீச்சர் புண்ணியத்துல தப்பிச்சோம்."

"சொல்லாத பொய்யை ஏன் ஒத்துக்கொண்டாய்?"

"அதச் சொன்னா என்னாங்க, தேஞ்சா போயிருவேன்? காம்பரா இருக்குல்ல." பிறகு தயக்கத்தோடு: "அவங்கள ஏசிராதீங்க டீச்சர். பாவம், நேத்து ராவு தூங்கலையாம்."

பஸ் வரவில்லை. நடந்தேன்.

கார்த்தேஜிலும் அநேகர் பயந்து ஒரு சிட்டிகைத் தூபம் போட்டுப் பிழைத்துக்கொண்டார்கள். அவர்களை எப்படித் திரும்பச் சேர்த்துக்கொள்வது என்று சபைக்குள் பெரிய வழக்கு. நான் அவர்களைக் குற்றம் சொன்னதில்லை. ஆனால் தூபத்தைத் தானே வாங்கி, இன்னொருத்தியைக் கைபிடித்துப் பீடத்துக்கு நடத்திப்போய், அதற்கு நன்றியும் வாங்கிக்கொண்டவளை எதிலும் வாசித்ததில்லை.

மார்ச் 13, வெள்ளி

தனித்தனியாகச் சாப்பிட்டோம். அரிசியில் கல். தாள்கள் முடித்தேன். ஒரு பெண் ராயனை நல்ல மனிதர் என்று எழுதியிருக்கிறாள். அரை மதிப்பெண்.

மார்ச் 15, ஞாயிறு

முதல் மழை, சாரல். தோட்டத்துக் கோயிலில் பூசை. பிரசங்கத்தில் சுவாமி தகரத்துக்காகத் துரைக்கு நன்றி சொன்னார், சமாதானம் செய்து வைத்த ஞானம் டீச்சருக்கும். சனங்கள் திரும்பிப் பார்த்தார்கள். ஞா. தலையைக் குனிந்துகொண்டாள். கண்ணை மூடி நற்கருணை வாங்கினாள். நான் வாங்கப் போகவில்லை. உடம்புக்கு என்ன என்று வாசலில் சுவாமி கேட்டார். சளி என்றேன்.

வீட்டில் அவளே தேநீர் போட்டுக் கொண்டுவந்து வைத்தாள்.

"அக்கா, அடுத்த வருசமும் இதையே போடச் சொல்லி சனங்க கேக்குறாங்க. இன்னும் கொஞ்சம் நீட்டி எழுதுங்களேன்."

"எழுதமாட்டேன்."

"ஏன்?"

"பெர்பெத்துவாவுக்கு ஆள் இல்லை."

"நான் இருக்கேனே" என்றாள்.

கேலியா என்று முகத்தைப் பார்த்தேன். இல்லை.