ஒரு வருசத்துக்கு மட்டும் கட்டிய கயிறு

12.02.2025, புதன்

இன்றைக்கும் முட்டை வரவில்லை. பருப்புச் சாதமும் சுண்டலும் போட்டுப் பிள்ளைகளைச் சமாளித்தேன். சூப்பர்வைசர் அம்மா அங்கன்வாடிக்கு வந்து எடை மெஷினைத் தட்டிப் பார்த்துவிட்டு, "என்ன டீச்சர், எல்லாப் பிள்ளையும் ஒரே எடை காட்டுது?" என்றார். மெஷின் ரிப்பேர் என்று நான் எழுதிப்போட்டு ஆறு மாசமாச்சு. என் வாயைப் பிடுங்காம இருந்தாச் சரி.

சாயந்திரம் வீட்டுக்காரர் மில்லில் முதல் ஷிப்ட் முடிந்து வந்தார். ரோட்டிலிருந்து வீட்டுக்குக் கொஞ்ச தூரம் கரிசல் தரை. இப்போதெல்லாம் வண்டியை டீக்கடையிலேயே விட்டுவிட்டு நடந்து வருகிறார். வாசலில் நின்று பார்த்தேன். காலை அகட்டி வைத்து, வலப்பக்கமாகச் சாய்ந்து சாய்ந்து வருகிறார். கிட்ட வந்ததும் வாசம். பிராந்தி. எனக்கா தெரியாது? எங்கப்பா சட்டையைத் துவைத்தே வளர்ந்தவள் நான்.

"குடிச்சீகளா?" என்று கேட்டேன்.

"கொஞ்சம்போல" என்றார். தலையைத் தூக்கவில்லை.

கல்யாணமாகி இருபது வருசம் சொட்டுத் தொடாத மனுசன்.

14.02.2025

பேசவில்லை. சோறு மட்டும் வைத்தேன்.

02.03.2025, ஞாயிறு

பெண் பார்க்க வந்த அன்றைக்கு நான் கேட்டது ஒன்றே ஒன்றுதான். நகை கேட்கவில்லை, வீடு கேட்கவில்லை. "குடிக்காத ஆளுன்னா கழுத்தை நீட்டுதேன்" என்றேன். கூடத்தில் அத்தனை பேரும் என்னை முறைத்தார்கள். அவர் மட்டும், "எனக்கு அந்த வாசமே ஆகாது" என்று சத்தமாகச் சொன்னார். எல்லாரும் சிரித்துவிட்டார்கள். சத்தமாகத்தான் பேசுவார். ஸ்பின்னிங் மில்லில் ஃபிட்டர். இருபத்திரண்டு வருசம் அந்த ஷெட்டுக்குள் நின்றவர். அங்கே வேலை பார்க்கிற எல்லாருமே அப்படித்தான், பக்கத்தில் இருக்கிற ஆளிடம் பேசினாலும் கூப்பாடுதான். டி.வி.யை அவர் வைக்கிற சத்தத்துக்கு மகள் பிரித்திகா புத்தகத்தைத் தூக்கிக்கொண்டு பக்கத்து வீட்டுக்குப் போய்விடுவாள்.

இப்போது ஒவ்வொன்றாக ஞாபகம் வருகிறது. மாடிப்படியில் சுவரைத் தடவித் தடவி இறங்கியது. தீபாவளிக்கு வேட்டுச் சத்தம் கேட்டதும் கதவைப் பிடித்துக்கொண்டு நின்றது. கரண்டு போனால் உட்கார்ந்த இடத்தை விட்டு எழுந்திருக்காதது. அப்பவே குடிதானா? எத்தனை நாளா என்னைக் கோட்டிக்காரி ஆக்கியிருக்கு இந்த மனுசன்?

16.03.2025, ஞாயிறு

கழுகுமலையிலிருந்து அண்ணன் சங்கிலிப்பாண்டியை வரச் சொன்னேன். வீட்டு விஷயத்தை வெளியே கொண்டுபோகக் கூடாது என்று இத்தனை நாள் இருந்தவள்தான். முடியவில்லை.

அண்ணன் நாக்கைப் பிடுங்கிக்கொள்கிற மாதிரி கேட்டான். "ஒரு பொம்பளப் பிள்ளைய வச்சுக்கிட்டு வெக்கமா இல்லையா மாப்ள?" என்றான். அடிக்கக்கூட கையை ஓங்கிவிட்டான். அவரோ அண்ணன் வாயையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். என்ன திமிர்!

03.04.2025

மில்லில் ஏணியிலிருந்து தவறி விழுந்திருக்கிறார். பாதிப் படிதான், முழங்கையில் சிராய்ப்போடு போனது. ஓடுகிற மெஷினுக்கு மேலே ஏறி நின்று வேலை பார்க்கிற ஆளுக்கு அந்தக் கருமம் எதுக்கு?

மேஸ்திரி பூவனலிங்கம் அண்ணாச்சி வீட்டுக்கே வந்தார். "பயப்படாத தங்கச்சி. குடிச்சிருந்தேன்னு மன்னிப்புக் கேட்டுட்டான். மெமோவோட போச்சு. நீ அவனைக் கூட்டிட்டுப் போய்க் கயிறு கட்டிரு. மேனேஜரும் நம்பிருவாரு" என்றார். காப்பி போட்டுக் கொடுத்தேன். நல்ல மனுசன் என்று நினைத்துக்கொண்டேன்.

08.04.2025, செவ்வாய்

கயத்தாறு தாண்டி ஒரு முனியசாமி கோவில். குடியை நிறுத்துகிறவர்களுக்கு அங்கே கயிறு கட்டுவார்கள். எங்களுக்கு முன்னால் பத்துப் பதினைந்து குடும்பம். எல்லாப் பொம்பளைக்கும் என் முகம்தான்.

பூசாரி எலுமிச்சம்பழத்தை அவர் கையில் கொடுத்து, "எம்புட்டு நாளைக்குச் சத்தியம்? ஆயுசுக்கா?" என்று கேட்டார்.

இவர் காதில் விழாத மாதிரி நின்றார். பூசாரி திரும்பவும் கேட்டார்.

"ஒரு வருசத்துக்கு மட்டும்."

எனக்கு அப்படியே பற்றிக்கொண்டு வந்தது. சாமி முன்னாலேயே பேரமா? ஒரு வருசம் கழித்துத் திரும்பவும் குடிக்கணுமாக்கும்! பஸ்ஸில் வரும்போது ஜன்னல் பக்கமே திரும்பி உட்கார்ந்துகொண்டேன். வலது கையில் மஞ்சள் கயிறும் மடியில் எலுமிச்சம்பழமுமாகப் பக்கத்தில் ஊமைச்சாமி.

29.04.2025, செவ்வாய்

தெருக் கோவிலில் கொடைத் திருவிழா. எழுதவே கை கூசுகிறது.

மேளம் சாமியாட்டத்துக்கு ஏறி அடித்தது, பக்கத்திலேயே வேட்டும் போட்டார்கள். அவர் அங்கனயே மடங்கி விழுந்தார். வாந்தி வேறு. கையில் கயிறு! கட்டி முழுசா ஒரு மாசம் ஆகல! "கயிறு கட்டியும் நிறுத்தல பாரு" என்று யாரோ சொன்னது கேட்டது. ரேணுகாதேவிதான் தண்ணீர் கொண்டுவந்தாள். எதிர்வீட்டுக்காரி. அவள் புருசன் தினமும் குடித்துவிட்டு அடிக்கிறவன். என்னைப் பார்த்து அவள் பாவப்படுகிறாள்.

பிரித்திகா வீட்டுக்கு ஓடிவந்து கதவைச் சாத்திக்கொண்டாள். "அப்பான்னு சொல்ல அசிங்கமா இருக்கும்மா" என்றாள்.

எனக்குச் செய்த சத்தியம் போனது. சாமிக்குச் செய்த சத்தியமும் போயிற்று. இனி என்ன மிச்சம்?

19.05.2025, திங்கள்

காலை ஆறு மணி. இப்போதுதான் தூங்கி எழுந்த மனுசன். குளியலறையில் சத்தம். ஓடிப்போய்ப் பார்த்தால் கீழே கிடக்கிறார், முகமெல்லாம் சோப்பு, கண்ணை இறுக்கி மூடியிருக்கிறார், ஒரு கை குழாயைத் தேடுகிறது. தூக்கி உட்கார வைத்து வாயை மோந்தேன். பேஸ்ட் வாசம். வேறு ஒன்றுமே இல்லை.

காலையில எழுந்ததும் எவன் குடிப்பான்? எப்பக் குடிப்பான்?

"உண்மையைச் சொல்லுங்க" என்றேன். காதில் ஏறவில்லை. முகத்துக்கு நேரே போய் உட்கார்ந்து திரும்பவும் கேட்டேன்.

"நான் குடிக்கவே இல்ல செல்வி. என்னிக்குமே குடிச்சதில்ல."

அதே நாள், மத்தியானம்

மூச்சு விட்டுவிட்டு எழுதுகிறேன்.

ரெண்டு வருசமாகவே அவருக்குத் தரை நிற்பதில்லையாம். கண்ணை மூடினால், இருட்டினால், சத்தம் பெருத்தால், கால் எங்கே இருக்கிறதென்று தெரியாதாம். போன வருசம் செண்பகராஜ் என்கிற ஃபிட்டர் மில் டாக்டரிடம் "தலை சுத்துது" என்று சொல்லப்போய், ஷெட்டுக்கு லாயக்கில்லை என்று வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். இவர் ஆடுவதைப் பார்த்த பூவனலிங்கம்தான் யோசனை சொல்லியிருக்கிறார். குடிகாரனுக்கு மெமோ கொடுப்பாங்க, திரும்பச் சேர்த்துக்குவாங்க. தலைசுத்துறவனைச் சேர்க்க மாட்டாங்க. நீ குடிகாரனா இருந்துக்கோ! ஒரு குவார்ட்டரையும் வாங்கிக் கொடுத்திருக்கிறார். இவர் தினமும் டீக்கடைக்குப் பின்னால் நின்று வாயைக் கொப்பளித்துத் துப்பிவிட்டு வீட்டுக்கு வந்திருக்கிறார்.

"என்கிட்டயாவது சொல்லியிருக்கலாம்ல?"

"நீ டீச்சரு. உனக்குப் பொய் வராது. ஏணியில ஏறாதன்னு மில்லுக்கே வந்து நிப்ப."

"ஒரு வருசம்னு ஏன் சொன்னீக?"

"பொய்ச் சத்தியம்ல. சாமிகிட்டப் பெரிசாப் பண்ண மனசு வரல. அதான் கொஞ்சமாப் பண்ணேன்."

சிரிக்கவா அழவா? சிரித்துவிட்டேன், அப்புறம் அழுதேன், அப்புறம் கையில் இருந்த டம்ளரைச் சுவரில் எறிந்தேன்.

20.05.2025

குடிகாரன் பொண்டாட்டி என்ற பேர் எனக்கு எவ்வளவு வலிக்கும் என்று தெரிந்த ஒரே ஆள் இவர்தான். தெரிஞ்சேதான் அந்தப் பேரை எனக்கு வாங்கிக் குடுத்திருக்காரு. அண்ணன் கை ஓங்கும்போது வாயைத் திறக்கல. பெத்த பிள்ள மூஞ்சியத் திருப்பும்போது திறக்கல. நான் எங்கப்பாவைத் திட்டாத வார்த்தையெல்லாம் சொல்லி இவரைத் திட்டியிருக்கேன் - அதையும் வாங்கிக்கிட்டு சோத்தைத் தின்னுட்டு எழுந்திருச்சுப் போயிருக்காரு.

குடித்திருந்தால்கூட மன்னித்திருப்பேனோ என்னவோ. இதை எப்படி மன்னிக்க?

24.05.2025, சனி

திருநெல்வேலியில் காது டாக்டர். பெண் டாக்டர், முகத்தில் மாஸ்க். அவர் கேட்ட ஒன்றுக்கும் இவர் பதில் சொல்லவில்லை. நான் திரும்பிச் சொன்னால்தான் சொல்கிறார். மாஸ்க் போட்டால் வாய் தெரியாதே! அப்போதுதான் எனக்கு உறைத்தது. ஷெட்டுக்குள் சத்தத்தில் ஒருத்தர் வாயை ஒருத்தர் பார்த்தே பேசிப் பழகியவர்கள். அண்ணன் வாயை அப்படிப் பார்த்தது திமிர் இல்லை. என்ன திட்டுகிறான் என்று தெரிந்துகொள்ளப் பார்த்திருக்கிறார்.

ஒரு பஞ்சு மெத்தைத் துண்டின்மேல் நிற்கவைத்துக் கண்ணை மூடச் சொன்னார்கள். நிற்கவில்லை. நேராக டாக்டர் கையில் விழுந்தார்.

"கேக்குறதுக்கு உள்ள இடமும், நம்மளை நேரா நிக்க வைக்கிற இடமும் உள்காதுல ஒட்டி ஒட்டித்தான் இருக்கு. இருபது வருசச் சத்தம் ரெண்டையுமே கெடுக்கலாம். சத்தம் மட்டும்தான் காரணம்னு அடிச்சுச் சொல்ல மாட்டேன். ஆனா முதல்ல அதைத்தான் நிறுத்தணும். போனது திரும்பி வளராது. பயிற்சி பண்ணா கண்ணும் காலும் சேர்ந்து கொஞ்சம் ஈடுகட்டும். ஏணி மட்டும் கூடவே கூடாது" என்றார்.

காதில் அடைக்க மில்லில் எதுவும் தரவில்லையா என்று கேட்டார். தந்தார்கள், இவர்தான் போட்டதில்லை. "அடைச்சுக்கிட்டா பேரிங் போற சத்தம் எனக்கு எப்படித் தெரியும்?" என்கிறார். மெஷினுக்கு வலிக்குதான்னு பார்த்த மனுசன்!

26.05.2025, திங்கள்

டிபன் பாக்ஸைத் தூக்கிக்கொண்டு ஷிப்டுக்குப் போய்விட்டார். "பிள்ள படிப்பு முடியட்டும்" என்றார். ஏணி ஏறமாட்டேன் என்று சத்தியம் செய்யச் சொன்னேன். செய்தார். இவர் சத்தியத்தை வைத்து நான் என்ன பண்ண?

28.05.2025

இன்றைக்கு ஏறியிருக்கிறார். சட்டையின் தோளில், கூரையோரம் ஓடும் மேல்குழாயில் படிகிற பஞ்சு ஒட்டியிருந்தது. கேட்டால், "பறந்து வந்து ஒட்டியிருக்கும்" என்கிறார்.

29.05.2025, வியாழன்

மில்லுக்குப் போனேன்.

டாக்டர் சொன்ன எல்லாவற்றையும் மேனேஜரிடம் சொன்னேன். "குடின்னு அவனே சொன்னானே?" என்றார். "பொய் சொன்னார் சார். உங்க ஷெட்டுல நின்னு காது போச்சுன்னு சொன்னா வேலை போயிரும்னு பயந்து சொன்னார்" என்றேன். மேனேஜர் ரொம்ப நேரம் யாருக்கோ போன் பேசினார். கடைசியில் ஷெட்டுக்குள் வேண்டாம், நூல் கோன் பேக்கிங்கில் இருக்கட்டும், மூன்று மாசம் பார்ப்போம் என்றார். அதற்கப்புறம் என்ன என்று கேட்டதற்கு ஃபைலைத் திறந்துகொண்டார்.

வெளியே பூவனலிங்கம் நின்றார். "கெடுத்துட்டியே தங்கச்சி! இப்ப எல்லாருக்கும் காது டெஸ்ட் வைக்கப்போறாக" என்றார். கத்திவிட்டுப் படியில் இறங்கினார். கைப்பிடியை விடாமல், ஒவ்வொரு படியையும் குனிந்து பார்த்து, காலை அகட்டி வைத்து. நின்று பார்த்தேன். இவருக்குமா!

வீட்டில் அவர் சொன்னது ஒரே வார்த்தை. "காட்டிக்குடுத்துட்டேல்ல."

ஆமா. குடுத்துட்டேன். உயிரோட வேணும்னு குடுத்துட்டேன்.

03.06.2025

ஃபிட்டர் வேலை பார்த்த கை இப்போது கோனுக்கு லேபிள் ஒட்டுகிறது. பேச்சு இல்லை.

10.06.2025

இல்லை.

22.06.2025, ஞாயிறு

பிரித்திகாவிடம் நான்தான் எல்லாவற்றையும் சொல்லியிருந்தேன். அவள் அப்பாவிடம் மன்னிப்பெல்லாம் கேட்கவில்லை. கறுப்பு இன்சுலேஷன் டேப்பை எடுத்து, கூடத்திலிருந்து வாசல்வரை தரையில் நேர்கோடு ஒட்டினாள். "யப்பா, இதுமேல நடங்க. நான் பக்கத்துல வாரேன்" என்றாள். முகத்துக்கு நேரே நின்று, வாய் தெரிகிற மாதிரி சொன்னாள். நடந்தார். அடுப்படியில் நின்று பார்த்தேன். என் பக்கம் அவர் திரும்பவில்லை. எனக்கும் கோபம் ஆறவில்லை, ஆனால் கண் அந்தக் கோட்டை விட்டு நகரவில்லை.

13.07.2025, ஞாயிறு

காலையில் ரேணுகாதேவி வாசலுக்கு வந்தாள். கன்னம் வீங்கியிருந்தது.

"டீச்சர், அண்ணாச்சி இப்ப எம்புட்டு நேரா நடக்காக! கொடையில அப்படி விழுந்த மனுசனா இதுன்னு தெருவே பேசுது. கயிறு வேலை செஞ்சிருச்சு. எங்க வீட்டு ஆளையும் கூட்டிட்டுப் போகணும். அந்தக் கோவிலுக்கு எங்கன இறங்கணும்?"

உண்மையைச் சொன்னால் இவரை இரண்டாம் தடவை காட்டிக்கொடுத்த மாதிரி. சொல்லாவிட்டால் அவள் இந்தப் பொய்யை நம்பி அந்தக் கன்னத்தோடு பஸ் ஏறுவாள். "கயத்தாறு தாண்டி..." என்று இழுத்தேன்.

அவர் கூடத்தில் கோட்டின்மேல் நடந்துகொண்டிருந்தவர், ரேணுகாவின் வாயைப் பார்த்திருக்கிறார். கோட்டோடேயே வாசலுக்கு வந்தார்.

"ஏம்மா ரேணுகா, நான் குடிச்சதே கிடையாது. மில்லுச் சத்தத்துல எனக்குக் காது கெட்டுப் போச்சு. அதான் ஆடுனேன். குடின்னு நானா சொன்னேன். வேலை போயிரும்னு பயம். இவ பாவம், இவளுக்கே தெரியாது."

அவருக்கு அது சாதாரணக் குரல். டீக்கடையில் உட்கார்ந்திருந்தவர்கள் அத்தனை பேரும் திரும்பிப் பார்த்தார்கள்.

ரேணுகா முகம் தொங்கிவிட்டது. "அப்ப அந்தக் கயித்துக்குக் குடி கேக்காதா அண்ணாச்சி?" என்று கேட்டாள். அவர் வாயைப் பார்த்துப் புரிந்துகொண்டு, "எனக்குத் தெரியாது தாயி. நான் கட்டுனது பொய்க் கயிறு" என்றார். அவளை உள்ளே கூட்டிவந்து உட்கார வைத்து, கன்னத்துக்கு ஒத்தடம் கொடுத்தேன். அண்ணனிடம் சொல்லி அவள் புருசனை என்ன செய்யலாம் என்று கேட்கணும்.

அவள் போன பிறகும் அவர் நிலைச்சட்டத்தைப் பிடித்துக்கொண்டு அங்கேயே நின்றார். அப்புறம் என்னைப் பார்த்துக் கேட்டார். மில்லுக்கு நான் போய்வந்த நாளுக்குப் பிறகு என்னிடம் பேசிய முதல் பேச்சு.

"ரொம்பச் சத்தமாவா சொல்லிட்டேன்?"

முகத்துக்கு நேரே போய் நின்றேன்.

"ஆமா. தெருவுக்கே கேட்டிருச்சு."

"கேக்கட்டும்" என்றார்.