எல்லாரும் பிழைத்த ஒத்திகை

மார்ச் 4

அவசரப் பிரிவின் பொறுப்பு நர்ஸ் என்பது போதாதென்று இன்று இன்னொரு பட்டமும் தந்துவிட்டார்கள்: பேரிடர் ஒத்திகைப் பொறுப்பாளர். சம்பளம் அதேதான். காயம்பட்டவர்கள் திடீரென்று கூட்டமாக வந்து விழுந்தால் என்ன செய்வது என்று மொத்த ஆஸ்பத்திரிக்கும் நான் பழக்கித் தர வேண்டுமாம். தினமும் வருகிறவர்களையே தரையில்தான் படுக்க வைக்கிறோம். "அதான் புதுசா கட்டில் வாங்கியாச்சே, ஏன் சிஸ்டர் கவலைப்படுறீங்க?" என்கிறார் கண்காணிப்பாளர். கட்டில் ஊசி போடுமா?

மார்ச் 11

அட்டைகள் வந்துவிட்டன. வாசலிலேயே பார்த்து நோயாளியின் கையில் கட்ட வேண்டும். நடக்க முடிந்தவருக்குப் பச்சை. கொஞ்சம் காத்திருக்கலாம் என்றால் மஞ்சள். சிவப்பு, உடனே உள்ளே. கறுப்பு — இறந்தவருக்கு. அல்லது இனி யாராலும் காப்பாற்ற முடியாதவருக்கு.

இந்தக் கடைசி அட்டைதான் முக்கியம். இங்கே இருப்பது ஒரே ஒரு அறுவை மேசை. அது யாருக்கு இல்லை என்று ஒருத்தர் சொல்லியாக வேண்டும். பழகாமல் யாருக்கும் அதைச் சொல்ல வாய் வராது.

மார்ச் 19

நர்சிங் மாணவிகள்தான் நோயாளிகளாக நடிக்கப் போகிறார்கள். சிவப்புக்கு அடிதடி. ஸ்ட்ரெச்சரில் போகலாம், இஷ்டத்துக்குக் கத்தலாம். கறுப்புக்கு ஒருத்தியும் வரவில்லை. "எனக்குக் கல்யாணம் பேசிட்டிருக்காங்க சிஸ்டர். பொணமா படுத்தேன்னு தெரிஞ்சா அம்மா கொன்னுடுவாங்க." அப்படியானால் நிஜமாகவே கறுப்பு கட்டிவிடலாம் என்று வாய் வரை வந்தது.

பொம்மையையாவது வைப்போம் என்று கண்காணிப்பாளரிடம் கேட்டேன். "பயிற்சியில எதுக்கும்மா சாவு? பெரிய அதிகாரிங்க வர்றாங்க. எல்லாரும் பிழைச்சுட்டுப் போகட்டுமே." கறுப்பு அட்டைகள் அவர் மேசை இழுப்பறைக்குள் போய்விட்டன.

மார்ச் 27

ஒத்திகை முடிந்தது. எல்லாரும் பிழைத்தார்கள். கைதட்டல், டீ, பிஸ்கட்.

வீட்டில் சொன்னதும் இவர் சிரித்தார். "ஒத்திகையில செத்தாதான் திரும்ப எழுந்துக்கலாம். அங்க போய் சாக விடமாட்டேங்கிறாங்களே!" எனக்குச் சிரிப்பு வரவில்லை. எரிச்சல்தான் வந்தது.

ஏப்ரல் 8

கறுப்பைச் சேர்க்கச் சொல்லி மறுபடி போய் நின்றேன். சுவரிடம் பேசியிருக்கலாம்.

மே 16

மைதானத்தில் பார்வையாளர் மேடை சரிந்துவிட்டது. எழுத முடியவில்லை.

மே 18

எழுதாமலும் இருக்க முடியவில்லை.

ஆம்புலன்ஸில் வந்தவர்கள் கொஞ்சம்தான். மற்றவர்கள் லாரியில், வேனில், யார் யாருடைய தோளிலோ வந்தார்கள். வாசலில் அட்டை கட்ட நானும், போன வருஷம் சேர்ந்த நர்ஸ் ஒருத்தியும். கறுப்பு அட்டைகளை இழுப்பறையிலிருந்து நானே அள்ளிக்கொண்டு வந்திருந்தேன்.

அவள் எல்லாருக்கும் சிவப்பாகவே கட்டினாள். மூச்சே இல்லாதவருக்கும். "கறுப்பு கட்டுடி" என்று கத்தினேன். "நீங்களே கட்டுங்க சிஸ்டர், என்னால ஆகாது" என்று அழுதாள். சரி தள்ளு, நான் கட்டுகிறேன்.

அடுத்து ஒரு சின்னப் பையன். தலை — வேண்டாம், அதை எழுத மாட்டேன். விளக்கு அடித்தேன், கண் அசையவில்லை. மூச்சு எப்போதாவது ஒன்று. இனி ஒன்றும் இல்லை என்று எனக்குத் தெரியும். நன்றாகவே தெரியும். அவன் அம்மா என் முகத்தைப் பார்க்கவில்லை, கையைப் பார்த்தாள். சிவப்பு கிடைத்தால்தான் உள்ளே விடுவார்கள் என்று அதற்குள் வாசலில் எல்லாருக்கும் தெரிந்துவிட்டது.

சிவப்பு கட்டினேன்.

மேசை அவனுக்குப் போனது. வெளியே பெஞ்சில் ஒரு பெயிண்டர் உட்கார்ந்திருந்தார், சட்டையெல்லாம் நீலப் பெயிண்ட். அவருக்கும் சிவப்புதான். வயிற்றுக்குள் ரத்தம் கசிந்துகொண்டிருந்தது. மேசை கிடைத்திருந்தால் பிழைத்திருப்பார். "கொழந்தைய மொதல்ல பாருங்கம்மா, நான் இருக்கேன்" என்றார். பையன் மேசையிலேயே போய்விட்டான். மேசையைத் துடைத்துவிட்டுக் கூப்பிட வந்தபோது பெயிண்டர் சுவரில் சாய்ந்திருந்தார். அவரும் போயிருந்தார்.

எத்தனை சண்டை போட்டேன். கண்காணிப்பாளரை எவ்வளவு திட்டினேன். கறுப்பு கட்ட என் கைக்கும் வரலியே. எனக்கே வரலியே!

மே 25

"யாரா இருந்தாலும் அப்படித்தான் செஞ்சிருப்பாங்க" என்கிறார் இவர், ஆறுதலாக. அதுதான் பயமாக இருக்கிறது.

ஜூன் 12

வந்த யாரையும் கைவிடாத மருத்துவமனை என்று பாராட்டிக் கேடயம் கொடுத்திருக்கிறார்கள்.

பெயிண்டரின் மனைவி என்னைத் தேடி வந்தாள். "கடைசியில நீங்கதான் அவர்கிட்ட பேசுனீங்களாம். ரொம்ப நன்றிம்மா." தண்ணீர் கொடுத்தேன். குடித்துவிட்டுப் போனாள். அந்த மேசை யாருக்குப் போனது என்று அவளுக்குத் தெரியாது. அவள் போன பிறகு கழிவறைக்குள் போய்த் தாழ் போட்டுக்கொண்டேன்.

ஜூலை 10

மறுபடி ஒத்திகை. இந்த முறை கண்காணிப்பாளரே கறுப்பையும் சேர்க்கச் சொல்லிவிட்டார். ஒரு மாணவி தானாகவே முன்வந்தாள். "நான் படுக்கிறேன் சிஸ்டர்." ஸ்ட்ரெச்சரில் கண்ணை மூடிக்கொண்டு கையை நீட்டினாள். கை கதகதப்பாக இருந்தது. நான் கட்டுவதைப் பார்க்க எல்லாரும் சுற்றி நின்றார்கள்.

"எழுந்து போடி! வேற வேலையில்ல உனக்கு?" என்று கத்திவிட்டேன். பாவம், மிரண்டு எழுந்து ஓடினாள்.

கண்காணிப்பாளர் என்னைத் திட்டவில்லை. அட்டையை என் கையிலிருந்து வாங்கி, அடுத்திருந்த நர்ஸிடம் நீட்டினார். அவள் பின்னால் நகர்ந்தாள். அதற்கடுத்தவளும் நகர்ந்தாள். யாரும் வாங்காத அட்டையைத் தன் பையில் போட்டுக்கொண்டு, டீ கொண்டுவரச் சொன்னார்.