கட்டத்துக்கு வெளியே நின்ற தங்கைக்கு

என் அருமைத் தங்கச்சி ஸ்டெல்லாவுக்கு,

நீ போய் மூன்று மாதம் ஆகிறது. ராயபுரத்தில் என் ஸ்டூடியோ இருக்கும் தெருவைக் கன்டெய்னர் லாரிகள் இன்னமும் அடைத்துக்கொண்டுதான் நிற்கின்றன. காலையில் நான் கடை திறக்கிற நேரம் பார்த்து, சாப்பிட்டாயா என்று போன் பண்ணுவாய். இப்போதும் அந்த நேரத்துக்குக் கை தானாகச் சட்டைப் பைக்குப் போகிறது.

போன ஞாயிறு உன் மகள் யசோதா வந்தாள், வியாசர்பாடியிலிருந்து பஸ் மாறி, மத்தியான வெயிலில். நீயும் நம் அப்பாவும் சேர்ந்திருக்கிற ஒரு படம் வேண்டுமாம், வீட்டில் மாட்ட. நான் எங்கே போவேன்? சர்ச்சில் கல்யாணம் நடக்கவில்லை, மாப்பிள்ளை பௌத்தக் குடும்பம் என்று அப்பா சாகும்வரை உன்னை வாசலில் ஏற்றவில்லை. மிச்சமிருப்பது ஒரே படம். அப்பா இறந்த அன்று, நம் வழக்கப்படி சவப்பெட்டியைச் சுற்றிக் குடும்பமே நிற்க, நான் எடுத்தது. அதிலும் நீ இல்லை.

"அம்மா என்னைத் தூக்கினு ஓரமா நின்னுச்சாமே. மெமரி கார்டுல அந்த ஓரம் எதுனா கீதான்னு பாரு மாமா" என்றாள்.

இல்லை என்றேன். அவள் விடவில்லை. லென்ஸ் வட்டமாகத்தானே இருக்கிறது, படம் மட்டும் ஏன் கட்டமாக வருகிறது, மிச்சம் எங்கே போகிறது என்று வக்கீல் மாதிரி கேட்டாள். உன் பெண்தான், சந்தேகமே இல்லை.

கடை ஷட்டரைப் பாதி இறக்கிவிட்டு, கேமராவிலிருந்து லென்ஸைக் கழற்றித் தெருப் பக்கம் பிடித்தேன். பின்னால் வெள்ளைத் தாளை நீட்டினேன். தெரு தலைகீழாக, ஒரு வடை அளவுக்கு வட்டமாக அதில் விழுந்தது. நடுவில் லாரி பளிச்சென்று தெரிந்தது, ஓரம் மங்கி இருட்டியிருந்தது. லென்ஸ் கொடுப்பது வட்டம்தான் என்றேன். ஆனால் உள்ளே அதை வாங்கிக்கொள்கிற சென்சார் சில்லு நாலு மூலை வைத்தது. பழைய பிலிமும் பட்டையாகத்தான் வந்தது, வட்டமாக வெட்டினால் வீண். பேப்பரும் கட்டம், மாட்டுகிற பிரேமும் கட்டம். அதனால் வட்டத்தின் நடுவில் நன்றாக விழுகிற பகுதியை மட்டும் எடுத்துக்கொள்கிறோம். மிச்ச வெளிச்சம் கேமராவுக்குள்ளேயே கறுப்புச் சுவரில் பட்டுப் போய்விடும், எங்கேயும் பதியாது.

அவள் தாளில் அந்த வட்டத்தின் ஓரத்தை விரலால் சுற்றினாள்.

"அப்ப அம்மாவும் தாத்தாவும் ஒரே வட்டத்துல இருந்துகீறாங்க. கட்டத்துலதான் வரல."

சொல்லிவிட்டு சந்தோஷப்பட்டாள், ஸ்டெல்லா. அந்த முகத்தைப் பார்த்து நானும் ஆமாம் என்று தலையாட்டித் தொலைத்தேன்.

உனக்கும் அன்று இதைத்தானே சொன்னேன். பிரிண்டைப் பார்த்து, நான் அங்கேதானே நின்றேன் என்று கேட்டாய். லென்ஸ் ரவுண்டு, போட்டோ கட்டம், ஓரத்தில் நிற்பவர்கள் விட்டுப்போவார்கள் என்று தொழில் தெரிந்தவன் தோரணையில் சொன்னேன். அதற்குப் பிறகு எந்த விசேஷத்திலும் "கட்டத்துக்குள்ள வந்துட்டனாண்ணா" என்று கேட்டுக் கேட்டு நின்றாய். எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன்.

வ்யூபைண்டரில் தெரிவதுதான் படத்தில் வரும். அதில் நான் கண் வைத்தபோது நீ உள்ளேதான் இருந்தாய், பெட்டியின் கால்மாட்டில், குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு. உன் முகம் அழுது வீங்கியிருந்தது. பெரியப்பா என்னைப் பார்த்து, உன் பக்கம் கண்ணைக் காட்டி, வேண்டாம் என்று தலையசைத்தார். கேமராவை ஒரு விரற்கடை திருப்பினேன். லென்ஸ் என்ன பாவம் பண்ணியது?

உன் உடலை எடுத்த அன்று கூட்டத்தின் பின்னால் ஒளிந்து நின்றேன். உன் வீட்டுக்காரர் தேடி வந்து கையைப் பிடித்தார்.

"இன்னா மச்சான், இங்க நின்னுகினுகீற. வா, உன் தங்கச்சியாண்ட வந்து நில்லு."

உன் தலைமாட்டில் என்னை நிறுத்தினார். யாரோ செல்போனில் படம் எடுத்தார்கள். அதில் நான் நட்டநடுவில் இருக்கிறேன். அதைப் பார்க்க எனக்கு மனசு வரவில்லை.

நான் கேமராவைத் திருப்பியது உனக்குத் தெரியுமா, ஸ்டெல்லா? தெரிந்துதான் எனக்காக நம்பின மாதிரி நடித்தாயா?

வரும் ஞாயிறு யசோதா மறுபடியும் வருகிறாள். அந்தப் படத்தையே பெரிதாகப் போட்டுத் தரச் சொல்லியிருக்கிறாள். ஓரத்தில் நீ நிற்பதாக நினைத்துக்கொள்வாளாம். பிரிண்டை அவள் கையில் கொடுப்பதற்கு முன்னால் சொல்லிவிடுகிறேன். பெரியப்பாவின் பேரை இழுக்க மாட்டேன், விரல் என்னுடையது. உன்னையும் அவளையும் நன்றாகப் பார்த்தேன், பார்த்துவிட்டுத்தான் திருப்பினேன் என்று சொல்வேன். உன் வழியில் எனக்கென்று இருப்பவள் அவள் ஒருத்திதான். படத்தை மேஜையிலேயே வைத்துவிட்டு அவள் எழுந்து போனால், கூப்பிட மாட்டேன்.

உன் கூடப்பிறந்த அண்ணன்,
அந்தோணி