படம் திக்காமல் ஓடுகிறது

அன்பு மகள் சைகலுக்கு, நாரினிலிருந்து அப்பா எழுதுவது. இங்கே பனி கொட்டினாலும் அடுப்பு அணையவில்லை, நானும் உன் அம்மாவும் நன்றாகவே இருக்கிறோம். நீ அங்கே வார்சாவில் எப்படி இருக்கிறாய் என்பதைக் கூட்டாமல் குறைக்காமல் எழுது. போனில் பேசினால் பக்கத்து அறையிலிருந்து உன் அம்மா கேட்டுவிடுவாள் என்றுதான் இந்தக் கடிதம்.

மாப்பிள்ளை வீட்டார் நிச்சயத்துக்கு உன் காதில் போட்ட தோட்டை நீ திருப்பிக் கொடுத்துவிட்டுப் போனதிலிருந்து பதினான்கு மாதமாக அவள் உன்னோடு பேசவில்லை, ஆனால் பிஷ்கெக்கில் நீ கிர்கிஸ் மொழியில் குரல் கொடுத்த படங்களை மட்டும் தினமும் போடச் சொல்கிறாள். வட்டுகளெல்லாம் கீறல் விழுந்துவிடும் என்று பயந்து எல்லாவற்றையும் கம்ப்யூட்டரில் ஏற்றி வைத்தேன். எல்லாம் துல்லியமான பெரிய படங்கள், ஒவ்வொன்றும் முப்பது ஜிபி. முதல் இருபது நிமிடம் வெண்ணெயாக ஓடும், பிறகு படம் நிற்கும், குரல் துண்டு துண்டாக வரும். உங்க பொண்ணு ஏன் இப்படித் திக்குறா, அவளுக்கு என்ன ஆச்சு என்று என்னைத்தான் பிடுங்குவாள். முப்பது வருடம் மின்கம்பியில் ஓடும் டிராலிபஸ்களைப் பழுது பார்த்தவனுக்கு ஒரு பெட்டியைச் சரி பண்ணத் தெரியவில்லையே என்று எனக்கும் மானம் போயிற்று. வேறு பிளேயர் போட்டேன், படத்தை விரிக்கும் வேலையைக் கிராஃபிக்ஸ் கார்டுக்கு மாற்றினேன், வெளி டிஸ்கிலிருந்து உள் டிஸ்குக்கு நகல் எடுத்தேன். எதற்கும் அசையவில்லை.

போன வியாழக்கிழமை பெட்டியின் மேல் தற்செயலாகக் கை வைத்தேன், ரொட்டி சுடும் அடுப்பாகக் கொதித்தது. உன் சீருக்காக நீ பிறந்த வருடம் அவள் பூவேலை செய்தாளே சிவப்பு விரிப்பு, அதைச் சீர்ப்பெட்டியிலிருந்து எடுத்து, தூசி படக்கூடாதென்று கம்ப்யூட்டருக்குப் போர்த்தியிருக்கிறாள். நானும் தினமும் அதைப் பார்த்துக்கொண்டுதான் இருந்தேன், நம் வீட்டில் டிவியிலிருந்து ரேடியோ வரை எதற்குத்தான் துணி போர்த்தவில்லை, அதனால் கண்ணில் உறைக்கவே இல்லை. காற்றுப் போகும் துளையெல்லாம் அடைபட்டு, சூடேறியதும் பெட்டி தன் வேகத்தைத் தானே குறைத்துக்கொண்டிருக்கிறது. மோட்டார் மக்கர் பண்ணினால் முதலில் சூட்டைப் பார் என்று ஊருக்கெல்லாம் சொன்ன ஆள் நான். அவளிடம் பக்குவமாகச் சொன்னேன். கோபப்படுவாள் என்று நினைத்தேன், அவளோ மடித்து, இது அவ சீருதானே, பெட்டியிலயே இருக்கட்டும் என்று உள்ளே வைத்துவிட்டாள்.

அன்று மாலை மாலுமி மனைவிக்கு நீ குரல் கொடுத்த படம் முதலிலிருந்து கடைசி வரை ஒரு இடத்திலும் நிற்கவில்லை. உன் பெயர் வரும் வரை அவள் நகரவில்லை. பிறகு என்னைப் பார்த்து, அவளுக்கு மூக்கடைச்சிருக்கு, கவனிச்சீங்களா, அந்தக் குளிர்ல யாரு அவளுக்கு சூப்பு வெச்சுக் குடுப்பா என்று கேட்டாள். அது மூன்று வருடத்துக்கு முன் பேசியது என்று நான் சொல்லவில்லை. சொல்ல எனக்கு மனம் வரவில்லை சைகல், அவள் கண் கலங்கியிருந்தது.

வேளாவேளைக்குச் சாப்பிடு, காதை மூடிக்கொண்டு வெளியே போ, யாருக்கும் பயந்து எந்தத் தோட்டையும் போட்டுக்கொள்ளாதே. நீ நீண்ட ஆயுளோடு, நினைத்ததெல்லாம் நடந்து, நன்றாக இருக்க வேண்டும்.

ஒன்றை மறந்துவிடாதே. ஒவ்வொரு ஞாயிறும் நான் கால்நடைச் சந்தைக்குப் போகிறேன். வாங்க ஒன்றும் இல்லை, சும்மாதான். என் போனைக் கம்ப்யூட்டர் பக்கத்தில் மறந்து வைத்துவிட்டுப் போவேன். எங்கள் மணிக்குப் பகல் பன்னிரண்டுக்குக் கூப்பிடு. முதல் தடவை எடுக்கவில்லை என்றால் விட்டுவிடாதே, அந்த நேரம் மாவு பிசைந்துகொண்டிருப்பாள், கையைத் துடைத்துக்கொண்டு வர வேண்டாமா.

உன் அப்பா
தொக்தோசுன்