இலைக்குள் வெள்ளிக் கோடு

நாள் 212, இரவு 10:40
இதைக் கண்டெடுப்பவருக்கு: என் பெயர் அல்லி, எட்டாம் வகுப்பு. செவ்வாய்க் கிரகத்துக் குடிலில் அப்பாவும் நானும்தான். மற்றவர்கள் சென்ற முறை வந்த கப்பலில் பூமிக்குத் திரும்பிவிட்டார்கள். குடிலை ஒட்டிய மூடிய தோப்பில் இருபது பாப்ளர் மரங்கள். எங்கள் மூச்சுக்காற்று அவை தருவது. அவற்றின் விதைப் பஞ்சு பட்டால் அப்பாவுக்கு இழுப்பு வரும், அதனால் உள்ளே போவது நான் மட்டும். தினமும் மரத்துக்குப் பத்து இலை பார்த்து எழுத வேண்டும். இன்று ஓர் இலையில் வெள்ளிக் கோடு. இலையின் மேல்தோலுக்கும் அடித்தோலுக்கும் நடுவே மயிரிழை போல ஒரு புழு, தின்றபடியே ஊர்கிறது. புது நாற்றோடு பூமியிலிருந்து வந்திருக்கும். உடனே அப்பாவிடம் காட்ட வேண்டும் என்பது விதி. ‘சுத்தம்’ என்று எழுதினேன். இங்கே எங்களைத் தவிர அசைவது அது ஒன்றுதான்.

நாள் 239, இரவு 11:15
அது வெள்ளை அந்துப்பூச்சி ஆகிவிட்டது. அரை அரிசி நீளம். போர்வைக்குள் கைவிளக்கைச் சுற்றிச் சுற்றி வந்தது. அதனிடம் நிறையப் பேசினேன்.
நாற்றோடு வந்தது அது ஒன்று மட்டும் இல்லை போல, கோடு விழுந்த இலைகள் இன்று முப்பத்தொன்று. நேற்றுவரை ‘சுத்தம்’ என்று எழுதியாயிற்று. இன்று எப்படி மாற்றுவது?

நாள் 268, இரவு 1:05
குடிலில் பிராணவாயு 20.9 சதவீதம் இருந்தது, இப்போது 18.1. அப்பா என் இலைக் கணக்கைப் புரட்டினார். “மரத்துல கோளாறு இல்ல. அல்லி பாத்திருக்காளே” என்று தனக்குள் சொல்லிக்கொண்டார். வெளிக்குழாயில்தான் ஓட்டை என்று முடிவுகட்டி வண்டியில் கிளம்பிவிட்டார். இலைக் கணக்கை நான் எடுத்து மூடிவைத்தேன்.

நாள் 269, இரவு 2:20
17.0. தலை வலிக்கிறது. வானொலியில் சொல்லிவிட்டேன்.
“அப்பா, குழாய்ல ஓட்டை இல்லப்பா. இலையெல்லாம் புழு. நான் பொய்யா எழுதிட்டேன்.”
இரைச்சலுக்கு நடுவே அப்பாவின் குரல் வந்தது.
“கிளையெல்லாம் வெட்டி வெளிய தள்ளிடு கண்ணு. அடிமரம் திரும்பத் தளிர்க்கும், ரெண்டு மாசம் ஆகும். அதுவரைக்கும் உருளையில அடைச்சிருக்கிற காத்து ஒரு ஆளுக்குத்தான் காணும்.”
“நீங்க எப்ப வருவீங்க?”
“பெரிய கிளைலேர்ந்து ஆரம்பி.”

நாள் 270, இரவு 3:50
வெட்டி முடித்தேன். கையெல்லாம் கொப்புளம். கடைசிப் பூச்சி கைவிளக்கில் வந்து உட்கார்ந்தது. நசுக்கினேன். விரலில் மாவு.
இலைக் கணக்கு: இலை இல்லை. இது உண்மை.
வெளிக்கதவுக் கண்ணாடியில் வெளிச்சம். அப்பாவின் வண்டி. அரை மணி நேரமாக நிற்கிறது. அவர் தட்டவில்லை. தட்டினால் திறந்துவிடுவேன் என்று அவருக்குத் தெரியும்.
வண்டி விளக்கு மங்குகிறது. வலக்கை கதவின் கைப்பிடியில். இடக்கையால் எழுதுகி